வலை ஈயம் உருக்க எந்த அடுப்பு?

ஏப்ரல் 15-இல் தடைக்காலம் தொடங்கிவிட்டால் கடலூர் முதுநகரிலிருந்து புதுச்சேரி வீராம்பட்டினம் வரைக்கும் கரையெல்லாம் வலை விரிந்து கிடக்கும். ஜூன் 14 வரை 61 நாள். கிழிசல் பார்ப்பது, மிதவை மாற்றுவது, அடிக்கயிற்றில் உதிர்ந்த ஈயக் குண்டுகளுக்குப் பதிலாகப் புதிது கோர்ப்பது என்று தள்ளிப்போட்ட வேலையெல்லாம் இந்த இரண்டு மாதத்தில்தான் நடக்கும். அப்போதுதான் பலருக்கும் நாமே ஈயம் உருக்கிக் குண்டு வார்த்தால் என்ன என்று தோன்றுகிறது. பழைய குண்டு அரைச் சாக்கு வீட்டு மூலையில் கிடக்கிறது. கடையில் காசு கொடுத்து ஏன் வாங்க வேண்டும்? நியாயமான யோசனைதான். அப்படி வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது ஒரே கேள்வி: "அண்ணே, எந்த அடுப்புல வச்சா சீக்கிரம் உருகும்?"

ஏறக்குறைய எந்த அடுப்பில் வைத்தாலும் சீக்கிரம் உருகும். ஈயம் உருகுவதற்கு 327 டிகிரி செல்சியஸ் போதும். வீச்சு வலை ஒன்றுக்கு நான்கு கிலோ ஈயம் என்று வைத்துக்கொள்வோம். அந்த நான்கு கிலோவையும் உருக்கி, ஊற்றும் பதத்துக்குக் கொண்டுவர ஆகும் வெப்பம், ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க ஆகும் வெப்பத்தைவிடக் கொஞ்சம் குறைவு. சட்டி சூடாவதற்கும் காற்றில் வீணாவதற்கும் சேர்த்துக் கணக்குப் போட்டாலும் இது பெரிய தீ கேட்கும் வேலையே அல்ல. இண்டக்‌ஷனைத் தவிர, நம் ஊரில் சோறு வடிக்கிற எந்த அடுப்பும் ஈயத்தை உருக்கிவிடும்.

அதனால் அடுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று விஷயத்தைத்தான் பார்க்க வேண்டும். சூட்டை ஒரே அளவில் நிறுத்தி வைக்க முடியுமா? வேண்டாம் என்றதும் உடனே அணைக்க முடியுமா? சட்டியின் கனத்தை ஆடாமல் அசையாமல் தாங்குமா? இந்த மூன்றுக்கும் ஆம் என்று சொல்லும் அடுப்புதான் புதியவருக்கு ஏற்றது. எத்தனை நிமிடத்தில் உருகுகிறது என்பது கடைசியாகப் பார்க்க வேண்டியது.

சூட்டின் அளவு ஏன் அவ்வளவு முக்கியம்?

ஈயம் 327-இல் உருகினாலும், அந்தச் சூட்டில் எடுத்து ஊற்றினால் கரண்டியிலேயே உறைய ஆரம்பித்துவிடும். அச்சு முழுதாக நிறையாது. குண்டு சுருங்கி, அரைகுறையாக வரும். 360 முதல் 400 டிகிரி வரை இருந்தால் தண்ணீர் போல ஓடி அச்சின் மூலை வரை போய் உட்காரும். வலைக் குண்டுக்கு இந்த அளவு தாராளம்.

அதற்கு மேலே போகப் போகக் கெடுதல்தான். முதலில் மேற்பரப்பு வேகமாகக் கருகிக் கசடாகும். நீங்கள் கசடை வழித்து எடுக்க எடுக்க, நல்ல ஈயமே அதோடு போய்க்கொண்டிருக்கும். அடுத்தது நஞ்சு. 400-க்குள் இருக்கும் ஈயத்திலிருந்து எழும் ஆவி மிகக் குறைவு. 500-ஐத் தாண்டினால் கவலைப்பட வேண்டிய அளவுக்கு ஆவி கிளம்பும். அது கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது.

மூன்றாவது, துத்தநாகம். டயர் கடையில் கிடைக்கும், சக்கரம் ஆடாமல் சுழல விளிம்பில் பொருத்தும் பேலன்ஸ் கட்டிகளைச் சிலர் சேர்த்து வைத்திருப்பார்கள். அதில் ஈயமும் இருக்கும், இரும்பும் இருக்கும், துத்தநாகமும் இருக்கும். துத்தநாகம் உருகுவது 419 டிகிரியில். சட்டி 400-க்குக் கீழே இருந்தால் துத்தநாகக் கட்டி உருகாமல் மேலே மிதக்கும். கரண்டியால் எடுத்துப் போட்டுவிடலாம். சூடு எகிறிவிட்டால் அது கலந்து, மொத்தச் சட்டியும் கூழ் மாதிரி கெட்டியாகி, வார்ப்புக்கு ஆகாமல் போகும். இரும்புக் கட்டி எப்படியும் மிதந்துவிடும், அதில் சிக்கல் இல்லை. ஆனால் வலைக்கு என்னைக் கேட்டால் டயர் கட்டியே வேண்டாம். அதில் ஆன்டிமனி என்ற உலோகம் கலந்திருப்பதால் குண்டு கடினமாகிவிடும். கயிற்றோடு வைத்து நசுக்கும்போது கவ்வாது. பழைய வலைக் குண்டும் ஈயத் தகடும்தான் மிருதுவாக வந்து கயிற்றைப் பிடிக்கும்.

பழைய பேட்டரியை மட்டும் தொடவே தொடாதீர்கள். உள்ளே கந்தக அமிலம், ஈயத் தூள், உருக்கினால் கொடிய வாயு என்று எல்லாமே இருக்கிறது. 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி அது முறையான மறுசுழற்சிக்குத்தான் போக வேண்டும். வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்தால் பணமும் கிடைக்கும்.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் குழப்பத்தை நான் வீடுகளில் நேரிலேயே பார்த்திருக்கிறேன். நாம் பேச்சில் "ஈயம்" என்று இரண்டு உலோகங்களைச் சொல்கிறோம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பும், பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் ஈயமும் வெள்ளீயம். அது 232 டிகிரியில் உருகும். வலைக்குக் கோர்ப்பது காரீயம், அது நஞ்சு. "ஈயச் சொம்புல ரசமே வைக்கிறோம், இதுல என்ன ஆகிடப் போகுது" என்று வலைக் குண்டு உருக்கிய சட்டியைக் கழுவி அடுப்படியில் வைத்த வீடு எனக்குத் தெரியும். அந்தச் சட்டி எத்தனை முறை கழுவினாலும் மறுபடி சமையலுக்கு ஆகாது. உருக்கும் சட்டி, கரண்டி, அடுப்பு மூன்றையும் இந்த வேலைக்கென்றே தனியாக ஒதுக்கி, வீட்டுக்கு வெளியே ஒரு சாக்கில் கட்டி வைத்துவிடுங்கள்.

சரி, அடுப்புகளுக்கு வருவோம்.

விறகு

நம் பக்கம் சவுக்குக்குப் பஞ்சமில்லை. பண்ருட்டிப் பக்கம் முந்திரி விறகும் கிடைக்கும். காசில்லாமல் ஆகிவிடும் என்பதால் முதலில் எல்லோரும் மூன்று செங்கல்லை வைத்து விறகில்தான் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். எங்கள் அப்பா காலத்தில் வேறு வழியும் இருக்கவில்லை.

ஆனால் புதியவருக்கு விறகை நான் சொல்ல மாட்டேன். சவுக்கு நன்றாகப் பிடித்துக்கொண்டால் தீ எங்கே போய் நிற்கும் என்று யாரும் சொல்ல முடியாது. ஈயம் 450-ஐத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும்போது கட்டையை வெளியே இழுத்துப் போட்டாலும் அடியில் இருக்கும் தணல் பத்து நிமிடத்துக்குச் சூட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும். தண்ணீர் தெளித்து அணைப்பது பற்றி நினைத்தே பார்க்கக் கூடாது; காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். கூடவே புகை கண்ணை மறைக்கும். ஒரு கையில் உருகிய ஈயத்தோடு கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கும் நிலை வரவே கூடாது.

விறகைத் தவிர வேறு வழியே இல்லையென்றால், மூன்று கல் வேண்டாம். செங்கல்லை மண் வைத்துப் பூசிக் குதிரைலாடம் மாதிரி அடுப்பு கட்டி, ஒரு வாரம் நன்றாகக் காய விடுங்கள். மேலே குறுக்கே இரண்டு இரும்புப் பட்டை வைத்துச் சட்டியை அதில் உட்கார வையுங்கள். விரல் பருமன் சுள்ளியாக மட்டும் போடுங்கள். ஈயம் உருகியதும் புதுச் சுள்ளி போடுவதை நிறுத்தி, சுடர் அடங்கித் தணலானபின் வார்க்கத் தொடங்குங்கள். தீ மூட்ட டயர் துண்டு, பிளாஸ்டிக், கிழிந்த நைலான் வலை எதையும் போடாதீர்கள்.

கரி

கரி விறகைவிட ஒழுங்காக எரியும், புகையும் இல்லை. கொட்டாங்குச்சிக் கரி நின்று கனலும். ஒரு காலத்தில் நெய்வேலி லெக்கோ கரி (பழுப்பு நிலக்கரியிலிருந்து செய்த கரிக்கட்டி) இந்த மாவட்டத்து வீடுகளில் சாதாரணமாக இருந்தது. அதை வைத்து ஈயம் உருக்கிய பெரியவர்கள் இன்னும் அதன் அருமையைச் சொல்கிறார்கள். கரியில் ஆபத்து ஊதுலைதான். கொல்லன் பட்டறையில் இருப்பது மாதிரி காற்றடித்தால் இரும்பே பழுக்கும் அளவுக்குச் சூடு ஏறிவிடும், அதுவும் இரண்டே நிமிடத்தில். ஈயத்துக்கு ஊதுலை தேவையில்லை. பற்ற வைக்க விசிறி போதும். கரியை அறைக்குள் எரித்தால் வரும் வாயு உயிரையே எடுக்கும், எனவே திறந்த வெளியில் மட்டும்.

மண்ணெண்ணெய் பம்பு ஸ்டவ்

வேண்டாம். அடியில் அழுத்தத்தோடு எண்ணெய்த் தொட்டி, மேலே மெல்லிய மூன்று கால், அதன்மேல் பத்து கிலோ ஈயம். சட்டி சாய்ந்தால் உருகிய ஈயம் நேராகத் தொட்டிமேல்தான் விழும். இதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

இண்டக்‌ஷன் அடுப்பு

இரும்புச் சட்டியைச் சூடாக்கும்தானே என்று பலரும் கேட்கிறார்கள். சூடாக்கும், ஆனால் ஈயம் உருகும் அளவுக்குப் போகாது. வீட்டு இண்டக்‌ஷன் அடுப்புகளின் உச்ச அளவு பெரும்பாலும் 240 டிகிரியை ஒட்டி நின்றுவிடும். அதற்கு மேல் போனால் தானே அணைந்துகொள்ளும்படிதான் செய்திருக்கிறார்கள். அந்தக் கண்ணாடித் தகடும் இந்தக் கனத்துக்கும் சூட்டுக்கும் ஆனதல்ல. கண்ணாடி மேல்தளம் வைத்த கேஸ் அடுப்புக்கும் இதே பதில்தான்.

மின்சார ஹாட் பிளேட்

கொஞ்சமாக வார்க்கிறவர்களுக்கு, அதாவது ஒரு தடவைக்கு நான்கைந்து கிலோவுக்கு மேல் போகாதவர்களுக்கு, நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான். சுடர் இல்லாததால் கடற்காற்று அணைத்துவிடும் என்ற பயம் இல்லை. சூடு மெதுவாக ஏறும். புதியவருக்கு அந்த மெதுவே நல்லது. என்ன நடக்கிறது என்று பார்த்துப் பழக நேரம் கிடைக்கும். 1,500 வாட் அடுப்பு ஒரு மணி நேரம் விடாமல் ஓடினாலும் ஒன்றரை யூனிட்தான்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது சில இருக்கிறது. நம் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் காயில் அடுப்பில் கம்பிச் சுருள் வெளியே தெரியும். அந்தச் சுருளில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. இரும்புச் சட்டி அதைத் தொட்டால் சட்டியைத் தொடுகிற உங்களுக்கும் ஷாக் அடிக்கும். எனவே மேலே கெட்டியான வார்ப்பிரும்புத் தட்டு மூடிய ஹாட் பிளேட்டாகப் பார்த்து வாங்குங்கள். அடுத்தது, சூடு ஏறினால் தானே அணைக்கும் தெர்மோஸ்டாட். சில அடுப்புகள் ஈயம் உருகுவதற்கு முன்பே அணைந்து அணைந்து எரியும். அப்படியானால் சட்டியைச் சுற்றி மூன்று பக்கம் தகரத் தடுப்பு வைத்து, சட்டிமேல் இரும்பு மூடி போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே உருகிவிடும். தெர்மோஸ்டாட்டைப் பிரித்து நேர் இணைப்புக் கொடுக்கும் வேலை மட்டும் வேண்டாம். 2,000 வாட் என்றால் பெரிய பிளக் பாயிண்ட் வேண்டும். கடலோர வீடுகளில் எர்த் கம்பி உப்புக் காற்றில் அரித்துப் போயிருக்கும். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு பிளக்கைச் செருகுங்கள்.

பாதியில் கரண்ட் போனால் ஈயம் சட்டியிலேயே உறைந்துவிடும். அதை மறுபடி சூடாக்கும்போது அடிப்பக்கம் முதலில் உருகும், மேலே கெட்டி மூடியாக இருக்கும். உருகிய ஈயம் கொஞ்சம் விரியும் என்பதால், வழியில்லாமல் எங்காவது பீறிட்டு அடிக்கலாம். கரண்ட் போன உடனே, ஈயம் நீராக இருக்கும்போதே, காய்ந்த இரும்புத் தட்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கட்டியாக்கி வைத்துவிடுவது நல்லது.

கேஸ்

பத்து கிலோவோ அதற்கு மேலோ, நாலைந்து வலைக்கு ஒரே மூச்சில் வார்ப்பதென்றால் கேஸ்தான் சரி. திருகைத் திருப்பினால் தீ கூடும், குறையும், அணையும். நான் முதலில் சொன்ன மூன்றில் இரண்டை இது அப்படியே தருகிறது. மூன்றாவதாகிய கனம் தாங்கும் வேலையை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஈயத்தின் கனத்தைக் கண் நம்பாது. ஒரு லிட்டர் செம்பு நிறைய ஈயம் இருந்தால் அது 11 கிலோவுக்கு மேல். பார்த்தால் பால் காய்ச்சும் அளவுதான் தெரியும், தூக்கினால்தான் புரியும். வீட்டு கேஸ் அடுப்பின் மெல்லிய கம்பிக் கால் பாலுக்காகச் செய்தது. இதற்கு டீக்கடைகளில் இருப்பது மாதிரி கனமான இரும்புச் சட்டத்தில் பொருத்திய ஒற்றை பர்னர் அடுப்பு வேண்டும். நான்கு காலும் அகலமாக, தாழ்வாக இருக்க வேண்டும். வாங்குவதற்கு முன் அடுப்பின் மேல் முனையைப் பிடித்துப் பக்கவாட்டில் அழுத்திப் பாருங்கள். கால் தூக்கினால் விட்டுவிடுங்கள். புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பழைய இரும்பு அடுப்பும் வார்ப்பிரும்புச் சட்டியும் பொறுமையாகத் தேடினால் கிடைக்கும்.

சிலிண்டர் விஷயத்தில் ஒரு வார்த்தை. 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டர் சமையலுக்கு மட்டும் என்று கொடுப்பது. வார்ப்பு வேலைக்கு 5 கிலோ சிறிய சிலிண்டரையோ 19 கிலோ வணிகச் சிலிண்டரையோ வாங்கிக்கொள்ளுங்கள். சீறி எரியும் உயர் அழுத்த பர்னர் ஈயத்துக்குத் தேவையே இல்லை; சாதாரண ரெகுலேட்டரும் சாதாரண பர்னரும் போதும். சிலிண்டரை நேராக நிற்க வைத்து, டியூபின் முழு நீளத்துக்குத் தள்ளி வையுங்கள். கேஸ் காற்றைவிடக் கனம், தாழ்வான இடத்தில் தேங்கும். பள்ளத்தில் அடுப்பை வைக்காதீர்கள். காற்றுத் தடுப்பு சட்டியைச் சுற்றி மட்டும் இருக்கட்டும், சிலிண்டரையும் சேர்த்து வளைத்துவிடக் கூடாது. தீ காற்றில் அணைந்துவிட்டால் உடனே திருகை மூடி, ஐந்து நிமிடம் விட்டுத்தான் மறுபடி பற்ற வைக்க வேண்டும்.

சட்டி

அடுப்பு சரியாக இருந்து சட்டி தவறாக இருந்தால் எல்லாம் வீண். அலுமினிய வடைச் சட்டி கூடவே கூடாது. அலுமினியம் 660-இல்தான் உருகும் என்று புத்தகக் கணக்குச் சொல்லி வாதாடுவார்கள். ஈயச் சூட்டிலேயே அது வலு இழந்துவிடும், கனம் தாங்காமல் அடி கழன்று விழும். வார்ப்பிரும்போ கனமான இரும்புத் தகட்டுச் சட்டியோதான் வேண்டும். பழைய வார்ப்பிரும்புச் சட்டி வாங்கினால் விரல் மடக்கித் தட்டிப் பாருங்கள். மணி மாதிரி நீண்டு ஒலித்தால் எடுத்துக்கொள்ளலாம். சட்டென்று அடங்கினால் எங்கோ விரிசல் இருக்கிறது. பாதிக்கு மேல் ஈயம் போடாதீர்கள்.

இனி வேலை

இடம்தான் முதலில். மேலே ஓடோ தகரமோ இருக்க வேண்டும், சுற்றிலும் திறந்திருக்க வேண்டும். ஒரு சொட்டு மழைகூட விழக்கூடாது, அதே நேரம் காற்றும் ஓட வேண்டும். கடற்கரை மணல் மேலே காய்ந்து தெரிந்தாலும் நாலு விரல் கீழே ஈரம்தான். அடுப்பைச் சுற்றி இரும்புத் தகடு விரித்துவிடுங்கள். சிமெண்ட் தரையும் ஈரம் குடித்திருக்கும், சூடான ஈயம் விழுந்தால் தெறிக்கும். நம் கரையில் பெரும்பாலான நாட்களில் விடிகாலையில் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். வெயில் ஏறினால் கடல்காற்று திரும்பி ஊருக்குள் வரும். அதனால் ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடித்துவிடுவது என் வழக்கம். அடுப்புக்கு நிலப்பக்கமாக நின்றால் முதுகில் காற்று வாங்கிக்கொண்டு வேலை செய்யலாம்.

குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வரக்கூடாது. குழந்தைகளுக்கு இவ்வளவு ஈயம்வரை பரவாயில்லை என்று சொல்லும்படி ஒரு அளவே இல்லை என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. மூளை வளரும் வயதில் அது செய்யும் கெடுதல் பிறகு திரும்பாது. நம் தெருக்களில் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க ஓடி வருவார்கள். ஒரு ஆள் அவர்களைத் தள்ளி நிறுத்த மட்டுமே இருக்கட்டும்.

உடுப்பு பருத்தியாக, முழுக்கையாக இருக்க வேண்டும். லுங்கி வேண்டாம். பேண்ட்டின் அடி ஷூவுக்கு மேலே வெளிப்பக்கமாக விழ வேண்டும்; உள்ளே செருகினால் சிந்திய ஈயம் ஷூவுக்குள் போகும். கடற்கரையில் நாம் வெறுங்காலோடும் ரப்பர் செருப்போடும் பழகியவர்கள், ஆனால் இந்த ஒரு வேலைக்குத் தோல் ஷூ போட்டே ஆக வேண்டும். வெல்டிங் செய்கிறவர்கள் போடும் தோல் கையுறை, கண்ணுக்கு முழுக் கண்ணாடி.

அடுத்தது ஈரம். தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 1,700 மடங்கு விரியும். உருகிய ஈயத்துக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போய்விட்டால் அது கண் மூடித் திறப்பதற்குள் ஆவியாகி, மேலே இருக்கும் ஈயத்தைத் தூக்கி எறியும். கடலில் கிடந்த குண்டில் இந்த ஆபத்து எப்போதுமே உண்டு. நான் தொடங்கிய முதல் வருடம், இரண்டு நாள் வெயிலில் உலர்த்திய பழைய குண்டுகளை உருகிய சட்டிக்குள் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தேன். வெளியே தொட்டால் சுட்டது, அவ்வளவு காய்ந்திருந்தது. ஒரு குண்டின் துளைக்குள் அறுந்த கயிற்றுத் துண்டு விரல் நுனி அளவுக்கு இறுகிக் கிடந்ததை நான் கவனிக்கவில்லை. அந்த நூலுக்குள் இருந்த உப்பு நீர் அப்படியே இருந்திருக்கிறது. பட்டென்று ஒரு சத்தம். சட்டியில் பாதி வெளியே. தகர ஓட்டின் அடிப்பக்கம் வரை ஈயப் பொட்டுகள் ஒட்டியிருந்தன. என் இடது முன்கையில் மிளகு அளவில் ஏழு தழும்பு இன்றும் இருக்கிறது. முகத்துக்கு நேராகக் குனிந்திருந்தால் இதை எழுத எனக்குக் கண் இருந்திருக்காது.

அன்றிலிருந்து நான் மாற்றாத வழக்கம் இதுதான். ஒவ்வொரு குண்டின் துளையிலும் ஆணி விட்டுக் குத்திக் கயிற்றை எடுத்துவிடுவேன். நல்ல தண்ணீரில் உப்புப் போக அலசி, ஒரு வாரம் வெயிலில் போடுவேன். உருக்கும் நாளில் எல்லாவற்றையும் அடுப்பு மூட்டும் முன்பே ஆறிய சட்டியில் போட்டு, சட்டியோடு சேர்த்துச் சூடாக்குவேன். அப்படிச் செய்தால் ஈரம் இருந்தாலும் ஈயம் உருகுவதற்கு முன்பே ஆவியாகிப் போய்விடும். உருகிய சட்டியில் புதிதாகக் குண்டு எதையும் சேர்ப்பதில்லை. ஈயம் போதவில்லையென்றால், இருப்பதை ஊற்றி முடித்து, ஆறவிட்டு, அடுத்த சட்டி. கரண்டியையும் அச்சையும்கூட அடுப்பின் ஓரத்தில் வைத்துச் சூடாக்கிய பிறகே ஈயத்தில் படவிட வேண்டும்.

அடுப்பு மூட்டியபின் பத்து பதினைந்து நிமிடம் ஒன்றுமே நடக்காது. பிறகு சட்டியின் ஓரத்தில் இருக்கும் குண்டு ஒன்று மெல்லச் சரியும், வெயிலில் வைத்த வெல்லம் மாதிரி முனை மழுங்கும். அதன் அடியில் கண்ணாடி போல ஒரு பளபளப்பு ஓடும். அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடக்கும். ஒன்றன்பின் ஒன்றாகக் குண்டுகள் மூழ்கும், மேலே சாம்பல் நிறத்தில் பாலாடை மாதிரி கசடு படியும். இந்த நேரத்தில் தீயைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். பெரும்பாலானவர்கள் விடும் தவறு இதுதான்: முழுதும் உருகட்டும் என்று தீயை அப்படியே விட்டுவிடுவார்கள். கடைசிக் கட்டி மூழ்கிய பிறகு வெப்பத்தை இழுக்க எதுவும் இல்லாததால் சூடு சரசரவென்று ஏறும்.

சூட்டை அளக்க வெப்பமானி வாங்குங்கள். தூரத்திலிருந்து குறிபார்க்கும் துப்பாக்கி வடிவ வெப்பமானி இதற்கு உதவாது. பளபளக்கும் உலோகத்தில் அது குறைத்துக் காட்டும். மல்டிமீட்டரோடு வரும் மெல்லிய கம்பியும் நாளடைவில் கருகிவிடும். ஸ்டீல் குழாய்க்குள் இருக்கும் கே-வகைத் தெர்மோகப்பிள் (சூட்டை உணரும் கம்பி) ஒன்றைச் சட்டியின் நடுவில், அடியைத் தொடாமல் நிறுத்தினால் கணக்கு சரியாகத் தெரியும்.

அது கைக்கு வரும்வரை என் மாமா காட்டிக்கொடுத்த வழி இருக்கிறது. கசடை ஓரமாக ஒதுக்கிவிட்டு, நன்றாகக் காய்ந்த ஈர்க்குச்சியின் நுனியை ஈயத்தில் தொட்டு மூன்று எண்ணுவார். நுனி பழுப்பாகக் கருகி லேசான புகை வந்தால் சரி. நிறமே மாறாவிட்டால் இன்னும் வேண்டும். தொட்டதும் கறுத்துத் தீப்பிடித்தால், "அடுப்ப அணைடா தம்பி, கை கழுவிட்டு வா" என்பார். ஒதுக்கிய இடத்தில் ஈயம் வெள்ளி மாதிரி சில விநாடி நின்றால் நல்ல பதம். மஞ்சளாக, பிறகு நீலமும் ஊதாவுமாக நிறம் ஓடினால் சூடு மிஞ்சிவிட்டது. தீயை அணைத்து, காத்திருக்க வேண்டியதுதான்.

பதம் வந்ததும் சுண்டுவிரல் நுனி அளவு மெழுகோ, ஒரு சிட்டிகை காய்ந்த மரத்தூளோ போட்டுக் கிளறினால் கசடில் மாட்டியிருக்கும் நல்ல ஈயம் பிரிந்து கீழே இறங்கும். மெழுகுப் புகை தீப்பிடித்து எரியும், பயப்பட வேண்டாம், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். மேலே மிதப்பதை வழித்து, மூடி போட்ட தகர டப்பாவில் போடுங்கள். அந்தத் தூள்தான் இந்த வேலையிலேயே அதிக நஞ்சு. ஆவியைவிட இதுதான் கையிலும் நகத்திலும் ஒட்டிக்கொண்டு சோற்றோடு உள்ளே போகும். கடலிலும் மணலிலும் கொட்டாமல் சேர்த்து வைத்துப் பழைய ஈயம் எடுக்கும் கடையில் கொடுத்துவிடுங்கள்.

முதல் நாலைந்து குண்டு சரியாக வராது, ஏனென்றால் அச்சு இன்னும் சூடாகவில்லை. அதற்காகத் தீயைக் கூட்ட வேண்டாம். ஊற்றிக்கொண்டே போங்கள், அச்சு சூடானதும் தானாகச் சரியாகும். குண்டு முழுக்க வெண்புள்ளியாக, உறைபனி பூத்த மாதிரி வந்தால் சூடு அதிகம் என்று பொருள். அப்போது தீயைக் குறையுங்கள்.

வேலை நடக்கும்போது பீடி, வெற்றிலை, டீ எதுவும் கூடாது. முடிந்ததும் சட்டியில் மிச்சமிருக்கும் ஈயத்தைக் காய்ந்த இரும்புத் தட்டில் கட்டியாக ஊற்றிவிட்டு, அடுப்பை அணைத்து, சிலிண்டர் திருகை மூடுங்கள். சட்டி தொடும் சூட்டுக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை ஆள் அங்கேயே இருக்க வேண்டும். இடத்தை விளக்குமாற்றால் பெருக்கினால் தூள் கிளம்பும். எல்லாம் ஆறிய பிறகு ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியையும் கசடு டப்பாவிலேயே போடுங்கள். போட்டிருந்த துணியை வெளியிலேயே கழற்றித் தனியாகத் துவைத்து, சோப்புப் போட்டுக் குளித்த பிறகு பிள்ளையைத் தூக்குங்கள். வருடத்துக்கு நாலைந்து தடவைக்கு மேல் வார்க்கிறவர்கள் மருத்துவரிடம் சொல்லி ரத்தத்தில் ஈய அளவு பார்த்துக்கொள்வது நல்லது.

ஒரே ஒரு வீச்சு வலைக்கு இருபது முப்பது குண்டுதான் குறைகிறதென்றால் அடுப்பே மூட்ட வேண்டாம். வலைக்கடையில் ஈயத் தகடாக வாங்கி, கத்தரியால் பட்டை பட்டையாக வெட்டி, கயிற்றைச் சுற்றி மடித்துச் சுத்தியால் மெல்லத் தட்டினால் அரை நாளில் வேலை முடிந்தது. கையை மட்டும் மறக்காமல் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.